பிபிசி மைக்ரோவும் லேப்டாப்பும் பேச மறுத்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பிபிசி மைக்ரோ என்ற 1980களின் பிரிட்டிஷ் கணினியின் பின்பக்கச் சீரியல் போர்ட்டை இன்றைய லேப்டாப்போடு இணைத்து, பழைய ஃபிளாப்பியிலும் கேசட்டிலும் இருப்பதைப் பத்திரப்படுத்த முயல்கிறவர்களுக்கான குறிப்பு இது. 1984-85ல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்குப் போனது இந்தக் கணினிதான். செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் இதையே யூனிகார்ன் என்ற பெயரில் நம் நாட்டில் கொண்டுவந்தது. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் ஏதாவது பள்ளி ஸ்டோர் ரூமிலோ, ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டுப் பரணிலோ ஒன்று கிடைத்தால், கூடவே ஒரு பெட்டி ஃபிளாப்பியும் கிடைக்க வாய்ப்புண்டு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தை முப்பது நாற்பது வருடமாகக் குடித்துக் கிடக்கும் ஃபிளாப்பிகள் அவை. உறையின் நீள்வட்டத் திறப்பு வழியாக, வட்டைக் கையால் மெல்லச் சுற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பழுப்புப் பரப்பில் வெள்ளையாகப் புள்ளி புள்ளியாகப் படர்ந்திருந்தால் பூஞ்சை. அதை அப்படியே டிரைவில் போடாதீர்கள். பூஞ்சை ரீடிங் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்து போடும் நல்ல ஃபிளாப்பியையும் கீறிவிடும். மருந்துக்கடை ஸ்பிரிட்டைவிட, எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால்தான் துடைக்க ஏற்றது.

கட்டளைகளைக் கீழே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கீபோர்டில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும்.

இந்த வேலையில் நேரத்தைத் தின்பது ஒரே ஒரு பழக்கம்: எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, ஓடவில்லை என்றதும் எதை எதையோ ஒரே சமயத்தில் மாற்றிப் பார்ப்பது. மைக்ரோவைத் தனியாகச் சோதியுங்கள், லேப்டாப்பைத் தனியாகச் சோதியுங்கள். இரண்டும் சரியென்று தெரிந்த பிறகு நடுவில் மிச்சமிருப்பது ஒயர் மட்டும்தான். கீழே வரும் அறிகுறிகளில் சில ஒயரில் போய்த்தான் முடியும்.

ஆன் செய்த சில நிமிடத்தில் புகை, காட்டமான நாற்றம்

உடனே சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் உருவுங்கள். ஜன்னலைத் திறந்து விடுங்கள். பயப்பட வேண்டாம், கணினி பெரும்பாலும் பிழைத்திருக்கும். பவர் சப்ளைக்குள் மெயின் கரண்ட் நுழையும் இடத்தில் இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர் வெடித்திருக்கும். அதன் தேன்நிற உடம்பில் வயதாக ஆக முடி போன்ற விரிசல்கள் விழும். அவை வழியாக ஈரம் உள்ளே இறங்கும். டெல்டாவில் இதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை. அதே மதிப்புள்ள எக்ஸ்2 வகைக் கெப்பாசிட்டராகப் பார்த்து மாற்ற வேண்டும், சாதாரண வகை கூடாது. பிளக்கை உருவிய பிறகும் பவர் சப்ளைக்குள் சார்ஜ் தங்கியிருக்கும். மெயின் கரண்டில் கைப்பழக்கம் இல்லாதவர்கள் டிவி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவது நல்லது. இன்னும் புகை வராத இயந்திரமாக இருந்தாலும், முதல் முறை ஆன் செய்யும் முன்பே இதை மாற்றிவிடச் சொல்வேன்.

பம்ப்செட் ஓடும் நேரம் வோல்டேஜ் இறங்கி ஏறும் ஊர்களில் ஸ்டெபிலைசர் வழியாக ஓட்டுங்கள். ஆன் செய்ததும் அடுத்தடுத்து இரண்டு ஒலி கேட்டு, திரையில் பெயரும் 32கே என்ற அளவும் தெரிந்தால் மேலே போகலாம். ஒரே ஒலி நிற்காமல் நீண்டுகொண்டே போனால் பிராசசரோ ரோமோ வேலை செய்யவில்லை. அது வேறு வைத்தியம். சீரியல் போர்ட்டைத் தொடுவதற்கு முன் முடிக்க வேண்டியது.

லேப்டாப்பில் ஒரு எழுத்துகூட வரவில்லை

முதலில் லேப்டாப் பக்கம். யூஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டரை மட்டும் செருகி, ஒன்பது பின் முனையில் 2ஐயும் 3ஐயும் ஒரு சின்ன ஒயரால் இணையுங்கள். பின் எண்கள் பிளாஸ்டிக்கிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும், மொபைல் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். சீரியல் போர்ட்டோடு பேசும் நிரல் டெரா டெர்ம், புட்டி, மினிகாம் எதுவானாலும் சரி. வேகம் 9600, டேட்டா பிட் 8, பேரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1, ஃப்ளோ கன்ட்ரோல் (அனுப்புவதை நிறுத்தவும் தொடரவும் சொல்லும் முறை) இந்தச் சோதனைக்கு மட்டும் வேண்டாம். இப்போது அடிக்கும் எழுத்து திரும்பத் திரையில் வர வேண்டும், ஒயரை எடுத்தால் வருவது நிற்க வேண்டும். வரவே இல்லையென்றால் விண்டோஸில் போர்ட் எண் மாறியிருக்கிறதா பாருங்கள். வேறு யூஎஸ்பி துளையில் செருகினாலே எண் மாறிவிடக்கூடும். லினக்ஸில் உங்கள் பயனர் பெயர் டயலவுட் குழுவில் சேர்ந்திருக்க வேண்டும்.

அடுத்து மைக்ரோ பக்கம். பின்னால் ஆர்எஸ்423 என்று எழுதிய ஐந்து பின் கொண்ட, டின் எனப்படும் வட்டச் சாக்கெட் இருக்கிறது. ஆறு பக்கப் பகடையில் ஐந்து புள்ளி விழுந்த மாதிரி நான்கு மூலைக்கு நான்கு, நடுவில் ஒன்று. நடுப் பின்தான் கிரவுண்ட். மற்ற நான்கும் டேட்டா இன், டேட்டா அவுட், ஆர்டிஎஸ், சிடிஎஸ். ஆர்டிஎஸ் என்பது வாங்கத் தயார் என்று இந்தப் பக்கம் சொல்லும் கோடு, சிடிஎஸ் எதிர்ப்பக்கம் அதையே சொல்வதைக் கேட்கும் கோடு. டேட்டா அவுட்டை டேட்டா இன்னோடும், ஆர்டிஎஸ்ஸைச் சிடிஎஸ்ஸோடும் இணைத்துவிட்டு இந்த வரிசையில் அடியுங்கள்:

*எஃப்எக்ஸ் 7,7
*எஃப்எக்ஸ் 8,7
*எஃப்எக்ஸ் 2,2
*எஃப்எக்ஸ் 3,1
பிரிண்ட் "அம்மா"
*எஃப்எக்ஸ் 3,0
பிரிண்ட் அட்வால்(-2)

முதல் இரண்டும் வாங்கும் வேகத்தையும் அனுப்பும் வேகத்தையும் 9600 ஆக்குகின்றன. மூன்றாவது, கீபோர்டைக் கையில் வைத்துக்கொண்டே சீரியல் வழி வருவதையும் வாங்கச் சொல்கிறது. நான்காவது, திரைக்குப் போவதைச் சீரியலுக்கும் அனுப்புகிறது. கடைசி வரி, வந்து காத்திருக்கும் எழுத்துகளின் எண்ணிக்கையைச் சொல்லும். 0 தவிர எது வந்தாலும் மைக்ரோ பக்கம் நலம். 0 வந்தால் சாக்கெட்டைச் சுத்தம் செய்து இன்னொரு முறை பாருங்கள். அப்படியும் 0 என்றால் கேசட் ஏறுகிறதா என்று சோதியுங்கள். இந்த இயந்திரத்தில் கேசட்டையும் சீரியலையும் ஒரே சீரியல் யூஎல்ஏ சிப்தான் கவனிக்கிறது. இரண்டும் சேர்ந்து படுத்திருந்தால் சந்தேகம் அதன் மேல்தான்.

இரு பக்கமும் சரி, சேர்த்தால் வரவில்லை என்றால் டின் பிளக்கை உருவித் தலைகீழாகத் திருப்பிச் செருகுங்கள். இந்த ஐந்து பின் பிளக் இரண்டு விதமாகவும் உள்ளே போகும். தவறாகப் போனதைக் கையால் உணர முடியாது. சரியான நிலை கிடைத்ததும் பிளக்கின் மேல்பக்கம் நெயில் பாலிஷில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.

ஒயர் இணைப்பு இப்படி இருக்க வேண்டும்: மைக்ரோவின் டேட்டா அவுட் லேப்டாப் முனையின் 2க்கு, டேட்டா இன் 3க்கு, கிரவுண்ட் 5க்கு, ஆர்டிஎஸ் 8க்கு, சிடிஎஸ் 7க்கு. எந்தப் பின் எது என்ற குழப்பம் வந்தால் மல்டிமீட்டர் தீர்த்துவைக்கும். கறுப்பு முனையை நடுப் பின்னில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். எதுவும் அனுப்பாமல் சும்மா இருக்கும்போது டேட்டா அவுட்டில் ஏறத்தாழ மைனஸ் 5 வோல்ட் நிற்கும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் இருந்த இயந்திரமானால் சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே பித்தளை பச்சை பூத்திருக்கும். பிளக்கை நாலைந்து முறை செருகி உருவினாலே ஓரளவு உரிந்துபோகும். அதோடு நம்பி நிறுத்தாமல், ஆல்கஹாலில் நனைத்த பல் குத்தும் குச்சியால் ஒவ்வொரு துளையையும் துடைத்து, காய விட்டு அப்புறம் ஆன் செய்யுங்கள்.

கொஞ்சம் போகிறது, பிறகு மைக்ரோ அப்படியே உறைந்து நிற்கிறது

லிஸ்ட் கொடுத்தால் சில வரிகள் திரையில் ஓடி, சட்டென நின்றுவிடும். லேப்டாப்பில் ஒன்றுமே வந்திருக்காது. சிடிஎஸ் கோடு சேரவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. எதிர்ப்பக்கம் "தயார்" என்று சொல்லாதவரை மைக்ரோவின் சீரியல் சிப் ஒரு எழுத்தைக்கூட வெளியே விடாது. அனுப்ப வேண்டியவை 192 எழுத்து கொள்ளும் ஒரு பஃபரில் சேர்ந்துகொண்டே போகும். அது நிரம்பியதும் மேலே நகர இடமில்லை. எஸ்கேப்போ பிரேக்கோ அடித்து மீளலாம்.

லேப்டாப் நிரலில் ஃப்ளோ கன்ட்ரோல் ஹார்டுவேர், அதாவது ஆர்டிஎஸ்/சிடிஎஸ் என்று இருக்க வேண்டும். நிறுத்து, தொடர் என்பதைத் தனி ஒயரில் சொல்லாமல் எழுத்தாகவே அனுப்பும் எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் என்று வைத்தால் பயனில்லை, மைக்ரோவுக்கு அந்தப் பாஷை தானாகத் தெரியாது. கடையில் வாங்கிய மூன்று ஒயர் கேபிளில் 7ம் 8ம் இருக்கவே இருக்காது. அப்படிப்பட்டதை வைத்து ஒப்பேற்ற வேண்டுமென்றால் மைக்ரோ பிளக்குக்குள்ளேயே ஆர்டிஎஸ்ஸையும் சிடிஎஸ்ஸையும் சேர்த்துச் சால்டர் செய்யலாம். எழுத்து போகும். ஆனால் "நிறுத்து" என்று லேப்டாப்பிடம் சொல்ல மைக்ரோவுக்கு வழி இல்லாமல் போய்விடும். ஐந்து ஒயர் கேபிளைச் செய்துகொள்வதே உருப்படியான தீர்வு.

வருகிறது, ஆனால் எல்லாம் கிறுக்கல்

ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே தவறான குறி வந்தால் ஒயரில் கோளாறு இல்லை, அமைப்பில்தான். வேகமோ பேரிட்டியோ இரு பக்கமும் ஒத்துப்போகவில்லை. மைக்ரோவில் 7 என்றால் 9600, 6 என்றால் 4800, 5 என்றால் 2400, 4 என்றால் 1200. வாங்குவதற்கு எஃப்எக்ஸ் 7, அனுப்புவதற்கு எஃப்எக்ஸ் 8 என்று தனித்தனி. ஒன்றை மாற்றி மற்றதை மறந்துவிட்டால் ஒரு திசையில் மட்டும் கிறுக்கல் வரும். 8 என்று கொடுத்தால் 19200 கிடைக்கும்தான், ஆனால் அந்த வேகத்தைக் கையேடே உறுதியாகச் சொல்வதில்லை. நான் 9600ஐத் தாண்டுவதில்லை.

வேகம் சரியாக இருந்தும் நிலையான கிறுக்கல் என்றால், நீங்கள் மாட்டியிருக்கும் கன்வெர்ட்டர் எது என்று பாருங்கள். ஆர்டுயினோ வேலைக்கென்று விற்கும் வெற்று போர்டு வகை டிடிஎல் மட்டத்தில், அதாவது சிப்களுக்குள் ஓடும் சின்ன வோல்டேஜில் பேசுகிறது. அதற்கு 0ம் 1ம் தலைகீழ். அதோடு மைக்ரோ அனுப்பும் மைனஸ் 5 வோல்ட் அந்தச் சின்ன சிப்பைக் கொன்றுவிடக்கூடும். ஒன்பது பின் முனையோடு வரும் ஆர்எஸ்232 வகையே வேண்டும்.

தவறு ஒவ்வொரு முறையும் வேறு வேறாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால் கிரவுண்டைச் சந்தேகியுங்கள். லேப்டாப் சார்ஜரை உருவி, பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டதா? சரி, அப்படியானால் காரணம் சார்ஜர். இரண்டு பின் சார்ஜர் போட்ட லேப்டாப்பின் உலோக விளிம்பைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று இருக்குமே, அந்தக் கசிவு கரண்ட் கேபிளின் கிரவுண்ட் ஒயர் வழியாகத்தான் மைக்ரோவுக்குப் போகிறது. பல பழைய வீடுகளில் சுவரில் மூன்று துளை இருக்கும், பின்னால் எர்த் இருக்காது. எர்த் போட்டுக்கொள்ளுங்கள். அதுவரை பேட்டரியிலேயே வேலையை முடியுங்கள். எப்படியானாலும் இரண்டும் அணைந்திருக்கும்போது கேபிளை மாட்டி, அப்புறம் ஆன் செய்வது பாதுகாப்பு.

லேப்டாப்பிலிருந்து அனுப்பினால் வரிகள் விழுங்கப்படுகின்றன

*எஃப்எக்ஸ் 2,1 கொடுத்துவிட்டு லேப்டாப்பிலிருந்து ஒரு பேசிக் நிரலை உரையாகவே அனுப்பினால், மைக்ரோ அதை யாரோ கீபோர்டில் அடிப்பதாக எண்ணி வாங்கிக்கொள்ளும். எக்ஸ்மோடம் முறையில் கோப்பை அனுப்பி வாங்கும் நிரலை முதன்முதலில் உள்ளே கொண்டுவர இதுதான் வழி. ஃபிளாப்பி டிரைவே இல்லாவிட்டாலும் முடியும்.

சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு வரி முடியும்போதும் பேசிக் அதைச் சுருக்கி நிரலுக்குள் உரிய இடத்தில் செருகும். நிரல் நீள நீள இந்த வேலைக்கு நேரம் கூடும். அதற்குள் வரும் எழுத்துகள் 256 கொள்ளும் பஃபரில் காத்திருக்க வேண்டும். இன்னும் 9 இடம்தான் மிச்சம் என்ற நிலையில் மைக்ரோ "நிறுத்து" என்கிறது. 80களின் எதிர்ப்பக்க இயந்திரங்கள் உடனே நிற்கும். இன்றைய யூஎஸ்பி கன்வெர்ட்டர் தன்னிடம் ஏற்கெனவே வந்துவிட்ட சில எழுத்துகளையும் தள்ளிவிட்டுத்தான் நிற்கும். 9 இடம் போதாது. *எஃப்எக்ஸ் 203,40 என்று கொடுத்தால் 40 இடம் இருக்கும்போதே நிறுத்தச் சொல்லும். தீராத தலைவலி போலத் தோன்றும் எத்தனையோ கேஸ்கள் இந்த ஒரு வரியில் தீர்ந்துவிடும்.

அப்படியும் வரி போனால், டெரா டெர்மில் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் சில நூறு மில்லிசெகண்ட் இடைவெளி வையுங்கள். மெதுவாக இருக்கும், ஆனால் முழுசாக வரும்.

எல்லாம் ஒரே வரியாக நீண்டுகொண்டே போய், ஒரு கட்டத்தில் பீப் பீப் என்று கத்தினால் கோப்பு லினக்ஸில் எழுதியது. மைக்ரோவுக்கு வரி முடிவு என்றால் 13ஆம் எண் குறி. லினக்ஸ் வைப்பது 10. எடிட்டரில் வரி முடிவை மாற்றிச் சேமித்து அனுப்புங்கள்.

அனுப்பி முடித்ததும் கீபோர்டு வேலை செய்யவில்லை

வேலை செய்கிறது. *எஃப்எக்ஸ் 2,1 கொடுத்ததால் மைக்ரோ கீபோர்டைப் பார்க்காமல் சீரியலையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பவரை அணைக்காதீர்கள், வந்ததெல்லாம் போய்விடும். பிரேக் விசையை மட்டும் ஒருமுறை அழுத்தி, ஓல்டு என்று அடித்தால் நிரல் திரும்பி வரும். அடுத்த முறை அனுப்பும் கோப்பின் கடைசி வரியாக *எஃப்எக்ஸ் 2,0 சேர்த்துவிடுங்கள், கீபோர்டு தானாகக் கைக்கு வரும். பிரேக் அடித்தால் வேகமும் எஃப்எக்ஸ் 203ம் பழைய நிலைக்குப் போயிருக்கும், மறுபடி கொடுக்க வேண்டும்.

உரை வந்தது, ஆனால் சில குறிகள் மாறியிருக்கின்றன

இதற்குக் கவலையே வேண்டாம். மைக்ரோவில் பவுண்டு குறி இருக்கும் 96ஆம் இடத்தில் லேப்டாப்பில் வேறு குறி இருக்கிறது. மைக்ரோவின் மோடு 7 என்ற திரை அமைப்பில் சதுர அடைப்பு அம்பாகத் தெரியும். உள்ளே எண் மாறவில்லை, திரைதான் வேறாகக் காட்டுகிறது. வரிக்கு வரி வெற்று வரி வந்தால், மைக்ரோ 10ஐ முதலிலும் 13ஐப் பிறகும் அனுப்புவதுதான் காரணம்.

கோப்பு முழுசாக வந்தது, திருப்பி அனுப்பினால் ஓடவில்லை

மற்ற எல்லாக் கோளாறும் கண்ணுக்குத் தெரியும். இது ஒன்றுதான் மாதக் கணக்கில் மறைந்திருந்து, அசல் ஃபிளாப்பி செத்த பிறகு தெரியவரும்.

மைக்ரோவின் ஒவ்வொரு கோப்பும் இரண்டு முகவரிகளைச் சுமந்திருக்கிறது. நினைவகத்தில் எங்கே ஏற வேண்டும் என்று ஒன்று, எங்கிருந்து ஓடத் தொடங்க வேண்டும் என்று இன்னொன்று. இவை கோப்புக்குள் கிடையாது, டிஸ்க்கின் அட்டவணையில் இருக்கின்றன. லேப்டாப்பில் கோப்பை மட்டும் எடுத்து வைத்தால் இரண்டும் தொலைந்துபோகும். பேசிக் நிரலுக்கு இது பெரிய இழப்பில்லை. இயந்திர மொழி நிரலுக்கு இது இல்லாவிட்டால் உடம்பு இருந்தும் உயிர் இல்லை. எடுக்கும் முன் *இன்ஃபோ கொடுத்து, திரையில் வரும் வரியை அப்படியே ஒரு உரைக் கோப்பில் குறித்து, கோப்போடு சேர்த்து வையுங்கள். எக்ஸ்மோடம் 128 பைட் கட்டுகளாக அனுப்புவதால் கடைசிக் கட்டில் நிரப்பு எழுத்துகள் ஒட்டிக்கொண்டு வரும். உண்மையான நீளம் எது என்பதும் *இன்ஃபோவில்தான் இருக்கிறது.

இதைவிடச் சிறந்தது, கோப்பு கோப்பாக எடுக்காமல் முழு டிஸ்க்கையும் ஒரே பிம்பமாக எடுப்பது. அட்டவணையும் சேர்ந்தே வந்துவிடும். டிராக் என்பது வட்டில் தகவல் எழுதும் வளையம். 40 டிராக் டிஸ்க்கின் ஒரு பக்கம் சரியாக 102400 பைட், 80 டிராக் என்றால் 204800. ஒரு பைட் குறைந்தாலும் மறுபடி எடுங்கள். 9600 வேகத்தில் 40 டிராக் பக்கத்துக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். எடுத்ததும் லேப்டாப்பில் மைக்ரோவைப் போலவே நடக்கும் நிரலான ஒரு எமுலேட்டரில் போட்டு, ஒவ்வொரு நிரலையும் ஓட்டிப் பாருங்கள். ஓட்டிப் பார்க்காத பிரதியை நான் பிரதியாகவே கணக்கில் எடுப்பதில்லை.

அட்டவணை தெரிகிறது, கோப்பைத் திறந்தால் டிஸ்க் ஃபால்ட் 18

செக்டார், அதாவது டிராக்கின் ஒரு துண்டு, கிடைக்கவில்லை என்று அர்த்தம். டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டும் முன், டிரைவின் 40/80 சுவிட்சைப் பாருங்கள். 40 டிராக் டிஸ்க்கை 80 டிராக் நிலையில் வைத்தால் அட்டவணை இருக்கும் முதல் டிராக் மட்டும் ஒத்துப்போகும், மற்றவை இடம் மாறிப்போகும். சுவிட்சை மாற்றினால் அத்தனையும் திரும்பி வரும்.

ஃபால்ட் 0இ என்று வந்தால் செக்டார் கிடைத்திருக்கிறது, உள்ளே இருக்கும் தகவல் பழுது. டிஸ்க்கையும் ஹெட்டையும் துடைத்து, மீண்டும் மீண்டும் படிக்க விடுங்கள். ஒருமுறை படிக்காதது அடுத்த முறை படிக்கும். அப்படி ஒரு நல்ல வாசிப்பு கிடைத்தால் அந்த நொடியிலேயே லேப்டாப்புக்கு அனுப்பிவிடுங்கள், அதே டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள். ஓரத்தில் இருக்கும் எழுத்துத் தடுப்புப் பள்ளத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.